அளவுகோலும் ஆளும்

பொருளை அளந்து பார்த்து விலை கூறுவது உலக வழக்கு. நெல்லை மரக்கால் அளக்கிறது. துணியை முழக்கோல் அளக்கிறது. பொன்னை உரைகல் சோதிக்கிறது. அளக்கப்படும் பொருள் அதற்காக வருந்துவதில்லை. அளவில் தவறு நேர்ந்தால் இழப்பு வாங்கியவனுக்கோ விற்றவனுக்கோ உண்டே தவிர, நெல்லுக்கும் பொன்னுக்கும் இல்லை. ஆனால், அளக்கப்படுவது மனிதனாக இருந்தால்? அதிலும், நாளை என்ன ஆவோம் என்று தானே அறியாத பன்னிரண்டு வயதுச் சிறுவனாகவோ, பதினெட்டு வயது இளைஞனாகவோ இருந்தால்? அப்போது அளவில் நேரும் பிழையைப் பெரிதும் சுமப்பவன் அளந்தவன் அல்லன்; அளக்கப்பட்டவனே. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் ஓர் அறக்கேள்வி பிறக்கிறது. இளையோரின் எதிர்காலத்தை மதிப்பிட்டு, ஒருவனைக் கொண்டு மற்றொருவனைத் தள்ளும் உரிமை ஒருவர்க்கு உண்டா? உண்டு என்றால், அவ்வுரிமையை ஏற்பவர்க்கு உரிய கடமை யாது?

இக்கேள்வியை எழுப்புவதற்குச் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. 19ஆம் நூற்றாண்டில் அவ்வட்டாரம் கால்நடை வாணிகத்திற்குப் பெயர் பெற்றிருந்தது. பஃபலோ சாலை என்றும், மலாய் மொழியில் எருமையைக் குறிக்கும் சொல்லால் கெர்பாவ் சாலை என்றும் வழங்கும் பெயர்கள் அதற்கு இன்றும் சான்று கூறுகின்றன. மாடு பிடிப்பவனின் கண் கூர்மையானது. பல்லைப் பார்த்து வயதைச் சொல்வான். சுழியைப் பார்த்துக் குணத்தைச் சொல்வான். நான்கு அடி நடக்கவிட்டு உழைப்பைச் சொல்வான். தமிழகத்துச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரல்களைப் பற்றி விலை பேசுவதுபோல, அங்கு எல்லாம் வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் இடையிலேயே முடிந்துவிடும்.

அதே வட்டாரத்தில், 1840களில் குதிரைப் பந்தயத் திடல் ஒன்று தோன்றியது. ரேஸ்கோர்ஸ் சாலையின் பெயர் அதிலிருந்து வந்ததே. பந்தயம் 1933ஆம் ஆண்டில் புக்கிட் தீமாவுக்குப் பெயரும் வரை, அங்கே குதிரைகளின் காலும் மார்பும் மூச்சும் மதிப்பிடப்பட்டன. பந்தயம் போன பின்பு அத்திடல் ஃபேரர் பார்க் விளையாட்டுத் திடலாயிற்று. மாடுகளும் குதிரைகளும் எடைபோடப்பட்ட மண்ணருகே இளைஞர்கள் பந்தை உதைத்தனர். ஓரத்தில் நின்ற பயிற்றுநர்கள் அவர்களைக் கூர்ந்து நோக்கினர். எஸ். ராஜகோபால், வி. சுந்தரமூர்த்தி முதலிய தமிழ் இளைஞர்கள் மலேசியக் கிண்ண ஆட்டங்களில் புகழ் பெற்ற காலத்தில், அத்தகைய கண்ணில் பட்டுவிட மாட்டோமா என்ற ஏக்கம் எத்தனையோ சிறுவர்களின் நெஞ்சில் இருந்தது.

2024ஆம் ஆண்டு அக்டோபரில் கிராஞ்சித் திடலில் சிங்கப்பூரின் கடைசிக் குதிரைப் பந்தயம் ஓடி முடிந்தது. குதிரையை எடைபோடும் தொழில் அத்துடன் ஓய்ந்தது. சிறுவரை எடைபோடும் தொழில் மட்டும் ஓயவில்லை. 2004ஆம் ஆண்டில் உட்லண்ட்சில் விளையாட்டுப் பள்ளி திறக்கப்பட்டபின், தொடக்கப்பள்ளியை முடிக்கும் வயதிலேயே அத்தகைய தேர்வு ஒரு முறைமையாகவும் ஆயிற்று.

எந்த மாடும் தன் விலையைக் கேட்டு நாணியதில்லை. எந்தக் குதிரையும் தான் தள்ளப்பட்ட செய்தியோடு வீடு திரும்பித் தகப்பன் முகத்தைப் பார்க்கக் கூசியதில்லை. ஆனால், ஆட்டக்காரர் தேர்வு நடந்த நாளின் மாலையில், அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட தாளில் தன் பெயரைத் தேடும் சிறுவனின் விரலைக் கண்டவர் அந்த வேறுபாட்டை உணர்வர். விரல் மேலிருந்து கீழே இறங்கும்; மீண்டும் மேலே ஏறும்; ஒருவேளை கண்ணுக்குத் தப்பியிருக்குமோ என்று மறுபடியும் இறங்கும். அதன்பின் அவன் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பான். அத்தாளை எழுதியவர் அப்போது அங்கே இருப்பதில்லை.

இளையோரை மதிப்பிடும் கலை உலகிலேயே மிகவும் விரிவாக வளர்ந்துள்ள நாடு அமெரிக்கா. அங்கே காற்பந்து என்று வழங்குவது, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். பல்கலைக்கழகங்களில் அதனை ஆடிய இளைஞர்களைத் தொழில்முறைக் குழுக்கள் 32உம் ஆண்டுதோறும் முறைவைத்துத் தெரிந்தெடுக்கின்றன. முந்திய ஆண்டில் தோல்வி மிகுந்த குழுவுக்கே பொதுவாக முதல் உரிமை. ஏழு சுற்றுகள் நடைபெறும் அத்தெரிவில், எந்தக் குழு பெயரைச் சொல்கிறதோ அந்தக் குழுவுடனேயே இளைஞன் ஒப்பந்தம் பேச வேண்டும். அதற்குமுன், இண்டியானாபொலிஸ் நகரில் அவர்களுள் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் சோதிக்கப்படுகின்றனர். நாற்பது கெஜத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான், ஏறத்தாழ 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்குகிறான், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் குதிக்கிறான் என்பன எல்லாம் குறிக்கப்படுகின்றன. கட்டைவிரல் நுனி முதல் சிறுவிரல் நுனி வரை உள்ளங்கையை விரித்தும் அளக்கின்றனர். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்த தேக்கா வணிகனுக்கு அக்காட்சி புதிதாகத் தோன்றியிராது.

இத்துணைக் கருவிகளும் இத்துணைக் கண்களும் இருந்தும் அங்கே நிகழ்ந்தது என்ன? இத்தெரிவு முறை 1936ஆம் ஆண்டில் தொடங்கியபோது முதன்முதலாகச் சொல்லப்பட்ட பெயர் ஜே பெர்வாங்கர் என்பது. பல்கலைக்கழக ஆட்டக்காரருள் தலைசிறந்தவர் என்று பரிசு பெற்றவர் அவர். ஆயினும், தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. வேறு தொழிலை நாடிச் சென்றார். அவருடைய திறத்தை அளந்தவர்கள், தம் வாழ்வை எவ்வழியில் நடத்த அவர் எண்ணினார் என்பதை அளக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் டாம் பிரேடி என்னும் இளைஞரின் பெயர் 199ஆவதாகவே கூறப்பட்டது. சோதனையில் அவர் மெதுவாக ஓடினார். உடற்கட்டும் சிறப்பாக இல்லை எனக் குறித்தனர். அவரே பின்னர் ஏழு முறை வாகை சூடிய குழுக்களில் ஆடினார். அவருக்கு முன்னே பெயர் சொல்லப்பட்ட 198 பேருள் எவரும் அச்சிறப்பை எய்தவில்லை. முதலாவது கணக்கும் பிழைத்தது. நூற்றுத் தொண்ணூற்று ஒன்பதாவது கணக்கும் பிழைத்தது.

பிழை ஏன் நேர்கிறது? அளப்பவர் அறிவிலிகள் என்பதனால் அன்று. அளக்கக்கூடியதும் தேவையானதும் ஒன்றாக இராமையே முதற்காரணம். ஓட்டத்தின் விரைவைக் கடிகாரம் சொல்லும். தோல்விக்குப் பின் மறுநாள் காலையில் பயிற்சிக்கு வரும் மனத்தை எந்தக் கடிகாரம் சொல்லும்? நல்ல நேரம் என்பதும் அளவுக்கு அடங்காதது. 1998ஆம் ஆண்டில் ஹனோய் நகரில் நடந்த டைகர் கிண்ண இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் வியட்நாமை வென்றது. வெற்றிக் கோலைப் போட்டவர், கோல் போடுவதைத் தம் பணியாகக் கொள்ளாத தற்காப்பு ஆட்டக்காரர் ஆர். சசிகுமார், பந்து அவருடைய தோளில் பட்டு உள்ளே புகுந்தது. எந்தத் தேர்வாளர் குறிப்பேட்டில் தோளுக்கு ஒரு கட்டம் இருந்திருக்கும்?

இரண்டாவது காரணம் காலம். வளரும் உடலை ஒரு நாளில் அளப்பது, ஓடும் ஆற்றைக் குடத்தில் மொண்டு இதுதான் ஆறு என்பது போன்றது. சிங்கப்பூரில் ஒரே ஆண்டில் பிறந்த சிறுவர் ஒரே வகுப்பில் சேர்கின்றனர். ஒரே வயதுப் பிரிவில் ஆடுகின்றனர். சனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஏட்டில் ஒரே வயதினர். உடலில் பதினொரு மாத இடைவெளி உடையோர். பன்னிரண்டு வயதில் அது பெரிய இடைவெளி. கனடா நாட்டுப் பனிவளைகோல் ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை 1980களில் ஆராய்ந்த உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோரே மிகுதியாகத் தேர்வு பெற்றிருந்ததைக் காட்டினார். தேர்வாளர் திறமையைத் தேர்ந்ததாக எண்ணினர். முன்னே பிறந்தமையையும் சேர்த்தே தேர்ந்திருந்தனர்.

மூன்றாவது காரணம் இவ்விரண்டினும் நுட்பமானது. தேர்வு, தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்ளும் இயல்புடையது. தேர்வு பெற்றவனுக்கு நல்ல பயிற்றுநர் கிடைக்கிறார். நல்ல திடல் கிடைக்கிறது. நல்ல உணவும் ஓய்வும் கிடைக்கின்றன. தள்ளப்பட்டவனுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து இருவரையும் அருகருகே நிறுத்தி, ‘அன்று சொன்னது பொய்யாயிற்றா?’ என்று தேர்வாளர் கேட்கிறார். ஒரு செடிக்கு நீர் ஊற்றி, மற்றொரு செடியை வெயிலில் விட்டுவிட்டு, முதற்செடியே வீரியமானது என்று கூறுவதற்கும் இதற்கும் வேற்றுமை உண்டோ? தேர்வாளர் எதிர்காலத்தைக் கணிப்பதாக நினைக்கிறார். உண்மையில் அதனை ஓரளவு ஆக்குகிறார். ஆக்குபவர்க்கு உரிய பொறுப்பு, கணிப்பவர்க்கு உரிய பொறுப்பினும் பெரிது அன்றோ?

இவ்வாறெல்லாம் இருப்பின் அளவுகோலையே முறித்தெறிந்துவிடலாமே என்று சிலர் கூறுவர். அவசரப்பட்டு அம்முடிவுக்கு வருதல் தகாது. குழுவில் ஆட இடம் பதினொன்று; வந்து நிற்பவரோ நூற்றுவர். எவரையேனும் கொள்ளத்தான் வேண்டும். அளவுகோல் இல்லாத இடத்தில் அந்த இடங்களைப் பெறுபவர் யார்? தலைவரின் மருமகனும், செல்வரின் மகனும், பேசத் தெரிந்தவனுமே பெறுவர். கடிகாரம் எவனுடைய தந்தையின் தொழிலையும் கேட்பதில்லை. மலாய்க்காரச் சிறுவனும் சீனச் சிறுவனும் இந்தியச் சிறுவனும் ஒரே புல்தரையில் ஓடும் நாட்டில், எல்லார்க்கும் பொதுவான ஓர் அளவு இருக்கிறது என்னும் நம்பிக்கையே இணக்கத்தின் அடித்தளம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அளவுகோல் பல வேளைகளில் பகையன்று, அதுவே துணை. ஆதலின், மதிப்பிடுவது தவறன்று. மதிப்பீட்டிற்கு அதன் தகுதிக்கு மேற்பட்ட அதிகாரத்தைத் தருவதே தவறு.

பழந்தமிழ்நாட்டு ஊராட்சி இதற்கு ஓர் ஒப்புமை தருகிறது. உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு ஆள் தெரிந்த முறையைக் கூறுகின்றன. வயது, நிலவுடைமை, கல்வி, ஒழுக்கம் என்பனவற்றுக்கு எல்லைகள் வகுக்கப்பட்டன. கணக்குக் காட்டாதவரும் குற்றம் புரிந்தவரும் விலக்கப்பட்டனர். எல்லையைக் கடந்தோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அந்த அளவுகோலிலும் குறை உண்டு. நிலம் இல்லாதவனை அது வாயிலிலேயே நிறுத்திவிட்டது. அளவுகோல் பொதுவாக இருந்தால் மட்டும் போதாது, நேராகவும் இருக்க வேண்டும் என்பதை அக்குறையே உணர்த்துகிறது. ஆயினும் அம்முறையில் ஓர் அடக்கம் இருந்தது. இவர் தகுதியுடையவர் என்று கூற அவர்கள் துணிந்தனர். தகுதியுடையோருள் முதல்வர் இவர், நூறாமவர் இவர் என்று கூற அவர்கள் துணியவில்லை. அறியக்கூடிய அளவுக்கு மேல் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாமையே அந்த அடக்கம்.

வள்ளுவரும் இப்பொருளுக்கு ஓர் அதிகாரத்தோடு நின்றாரில்லை. தெரிந்துதெளிதல் என்று ஒன்று. அதனை அடுத்துத் தெரிந்துவினையாடல் என்று மற்றொன்று. ஆளை ஆராய்ந்து ஏற்பது முன்னது; ஏற்ற ஆளை அவனுக்கு ஏற்ற வினையில் அமர்த்துவது பின்னது. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பதில் ஓர் உண்மை புலனாகிறது. ‘இவன் நல்லவனா?’ என்ற கேள்வி முடியும் இடத்தில், ‘இவன் எதற்கு நல்லவன்?’ என்ற கேள்வி தொடங்க வேண்டும். தேர்வாளர் பலரும் முதற்கேள்வியோடு ஏட்டை மூடிவிடுகின்றனர்.

இரண்டாம் கேள்வியையும் கேட்டவர் ஒருவரால் சிங்கப்பூர் அடைந்த பயன் பெரிது. ஃபாண்டி அகமதின் தந்தை அகமது வார்த்தாம் நாட்டுக் குழுவின் கோல்காவலராக இருந்தவர். மகனும் தேக்காவை அடுத்த சிலிகி வட்டாரத் தொடக்கப்பள்ளியில் கோல்காவலனாகவே நின்றான். அங்கே ஆசிரியர் ஒருவர், கோல்கம்பத்தை விட்டு வெளியே வந்து நடுக்களத்தில் ஆடுமாறு அச்சிறுவனுக்கு அறிவுரை கூறினார். 1980ஆம் ஆண்டு மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிலாங்கூருக்கு எதிராக வெற்றிக் கோலைப் போட்டவர் அந்த ஃபாண்டியே. 1983இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் குழுவில் சேர்ந்து, அவ்வாண்டிலேயே இத்தாலியின் புகழ்பெற்ற இன்டர் மிலான் குழுவுக்கு எதிராகவும் அவர் கோல் போட்டார்.

அவ்வாசிரியர் செய்தது என்ன? அவரும் மதிப்பிட்டார். ஆனால், அவர் மதிப்பீட்டின் முடிவு ‘நீ ஆகாய்’ என்பதன்று. ‘உன் இடம் வேறு’ என்பது. முன்னது கதவை அடைக்கும் சொல். பின்னது வேறொரு கதவைக் காட்டும் சொல். தந்தையின் வழியே மகனின் வழி என்னும் எளிய கணக்கை அவர் ஏற்கவில்லை. சிறுவனை நாள்தோறும் கண்டிருந்ததனால் அவரால் அவ்வாறு கூற முடிந்தது. ஒரு நாள் காண்பவர்க்கு அளவு தெரியும். பல நாள் காண்பவர்க்கே ஆள் தெரியும்.

மதிப்பீடு வேறு, தீர்ப்பு வேறு. மதிப்பீடு இன்றைய நிலையைக் கூறுவது. நாளை திருத்தப்படுவதற்கு இடம் தருவது. தீர்ப்பு ஆள் இன்னான் என்று முடிவு கட்டுவது. மேன்முறையீட்டுக்கு இடம் தராதது. இளையோரை மதிப்பிடலாம், அவர்கள்மேல் தீர்ப்பளிக்கலாகாது. இவ்வேறுபாட்டைக் காக்க விரும்பும் தேர்வாளர்க்குக் கடமைகள் மூன்று. அளந்தது எதுவோ அதை மட்டுமே கூறுதல் முதற்கடமை. ‘உன் ஓட்டம் இன்று போதவில்லை’ என்பது உண்மை; ‘நீ ஆட்டக்காரன் அல்லன்’ என்பது அளவுகோல் கூறாத கூற்று. மீண்டும் வருவதற்கு வழி விடுதல் இரண்டாவது. பன்னிரண்டில் தள்ளப்பட்டவன் பதினைந்தில் வந்து நிற்கும்போது, பழைய ஏட்டைப் புரட்டாமல் புதிய கண்ணால் பார்க்க வேண்டும். தள்ளப்பட்டவனை நேரில் கண்டு காரணம் கூறுதல் மூன்றாவது. பலகையில் ஒட்டிய தாள் பெயரைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. தாம் கூறும் முடிவை ஒரு சிறுவனின் முகத்தைப் பார்த்துக் கூற இயலாதவர், அம்முடிவை எடுக்கத் தகுதியுடையவர்தாமா என்று தம்மையே கேட்டுக்கொள்வது நன்று.

இக்கடமைகள் விளையாட்டுத் திடலோடு நிற்பன அல்ல, வகுப்பறைக்கும் உரியன. 1979ஆம் ஆண்டில் கோ கெங் சுவீ தலைமையிலான குழு அளித்த அறிக்கையை ஒட்டி, சிங்கப்பூர் மாணவர்கள் திறனுக்கேற்பப் பிரிக்கப்பட்டுக் கற்றனர். கற்கும் வேகம் மாணவர்க்கு மாணவர் வேறுபடுவதால், இடையில் பள்ளியை விட்டு நீங்குவோரைக் குறைப்பதே அதன் நோக்கம். நோக்கத்தில் குற்றமில்லை, பள்ளியை விட்டு நீங்குவோர் குறையவும் செய்தனர். ஆயினும், வகுப்பின் பெயர் நாளடைவில் மாணவனின் பெயராயிற்று. மதிப்பீடு தீர்ப்பாக உறைந்தது. அதனை உணர்ந்தே பின்னாளில் மாற்றங்கள் வந்தன. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் சக மாணவரோடு ஒப்பிட்டு எண்ணிடும் முறை 2021ஆம் ஆண்டில் நீங்கியது. மாணவன் அறிந்தது எவ்வளவு என்பதைக் கொண்டே தரம் குறிக்கும் முறை வந்தது. 2024ஆம் ஆண்டில் உயர்நிலைப்பள்ளியில் சேர்ந்தோர் முதலாக, பழைய மூன்று பிரிவுகளும் அகன்றன. ஒரு மாணவன் ஒரு பாடத்தை ஒரு தரத்திலும் மற்றொரு பாடத்தை வேறொரு தரத்திலும் கற்கலாம் என்றாயிற்று. ‘இவன் எப்படிப்பட்டவன்?’ என்று கேட்ட முறை, ‘இவன் எதில் எப்படி?’ என்று கேட்கத் தொடங்கியுள்ளது.

எனினும், முறை மாறினால் மட்டும் போதாது. மனம் மாற வேண்டும். படிவத்தில் இல்லாத தீர்ப்பை ஆசிரியரின் புருவம் எழுதிவிடும். ‘இவ்வளவுதான் இவன்’ என்று ஒரு முறை நினைத்துவிட்ட ஆசிரியர், அதன்பின் அவ்வளவையே அவனிடம் கேட்கிறார். அவனும் அவ்வளவையே தருகிறான். தமிழ் வகுப்பில் வாய் திறவாத மாணவன் பேச இயலாதவனா, பேச்சைக் கேட்க எவரும் இல்லாதவனா என்பதை எந்தத் தேர்வுத்தாளும் கூறுவதில்லை. நாள்தோறும் அவனைக் காண்பவரே கூற முடியும்.

அளவுகோல் கையில் இருக்கட்டும். அதை வைத்திருக்கும் கை சற்றே நடுங்கட்டும். அந்நடுக்கம் கோழைமை அன்று. எதிரே நிற்பது பொருளன்று, ஆள் என்னும் அறிவு. பலகையில் தன் பெயரைக் காணாமல் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கும் சிறுவனை, ‘தம்பி, சற்று நில்’ என்று ஒரு குரல் அழைக்குமானால், அன்றைய தேர்வில் அறமும் இடம் பெற்றது எனலாம்.